மல்ட்டி ட்ராக் ரெக்கார்டர்: எந்த மோடில் எதைப் பதிவு செய்வது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் முதலில் செய்வது பாட்டு கேட்பதுதான். அடுத்து வருவது, நாமே ஏதாவது பதிவு செய்து பார்க்கலாமே என்ற ஆசை. பிள்ளையின் வீணைப் பயிற்சி, வீட்டுப் பெரியவர்கள் பாடும் தாலாட்டு, கோவில் கச்சேரி, கல்லூரி நண்பர்களின் இசைக்குழு என்று பதிவு செய்ய வேண்டியவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. இதற்கு மொபைல் போன் போதுமே என்று நினைப்பீர்கள். பேச்சைப் பதிவு செய்யப் போதும். ஆனால் பாடுபவர் ஒருவர், வாசிப்பவர் மூவர் என்று வந்துவிட்டால் போனில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பின்னர் பாடுபவரின் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கேட்க வேண்டும் என்றால் வழியில்லை.

இந்த இடத்தில்தான் மல்ட்டி ட்ராக் டிஜிட்டல் ரெக்கார்டர் உதவுகிறது. கையடக்கமாகவே இன்று கிடைக்கிறது. ஆனால் இதை வாங்கியவர்களில் பலர், பெட்டியைத் திறந்து சிவப்பு பட்டனை அழுத்துவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். மெனுவில் "மோட்" என்று ஒன்று இருப்பதைத் தொடுவதே இல்லை. எந்த மோடில் பதிவு செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே பிறகு கம்ப்யூட்டரில் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது முடிவாகிறது. பதிவு முடிந்த பிறகு மோடை மாற்றிப் பயனில்லை.

நான் மென்பொருள் பொறியாளர். இசை படித்தவன் அல்ல. ஆனாலும் சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் இந்த ரெக்கார்டரைத் தூக்கிக் கொண்டு அலைந்ததில் தெரிந்து கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். எடுத்துக்காட்டாக நான் எடுத்துக் கொண்டிருப்பது ஜப்பானைச் சேர்ந்த ஜூம் நிறுவனத்தின் எச்4என் என்னும் சாதனம். இது 2009-ல் வெளிவந்தது. இதன் மேம்பட்ட வடிவமான எச்4என் புரோ 2016-ல் வந்தது. வேறு நிறுவன ரெக்கார்டர் வைத்திருப்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம். பெயர்கள் மாறும். அடிப்படை ஒன்றுதான்.

சேனல் வேறு, ட்ராக் வேறு

முதலில் இந்த இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்து கொள்ள வேண்டும். சேனல் என்பது ஒலி உள்ளே வரும் வழி. ஒரு மைக் என்றால் ஒரு சேனல். ட்ராக் என்பது அந்த ஒலி எழுதப்படும் வரிசை. நான்கு பேருக்கு நான்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பது போல, நான்கு ட்ராக்கில் நான்கு ஒலிகளைத் தனித் தனியாக எழுதி வைக்கலாம். பின்னர் ஒரு நோட்டை மட்டும் திருத்தினால் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். மொபைல் போனில் நான்கு பேரும் ஒரே நோட்டில் ஒருவர் எழுத்தின் மேல் இன்னொருவர் எழுதுகிறார்கள்.

எச்4என் ரெக்கார்டரின் தலைப்பகுதியில் இரண்டு மைக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கும். இதற்கு எக்ஸ்ஒய் அமைப்பு என்று பெயர். மைக்குகளைத் திருகி 90 டிகிரி அல்லது 120 டிகிரி கோணத்தில் வைக்கலாம். எதிரே ஒருவர் பாடுகிறார் என்றால் 90. அகலமாக ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது என்றால் 120. இதைத் தவிர அடிப்பகுதியில் வெளி மைக் செருக இரண்டு சாக்கெட்டுகள் உள்ளன. ஆக மொத்தம் நான்கு வழிகள். இந்த நான்கையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் மோட் தீர்மானிக்கிறது.

மோட் மாற்ற, பக்கவாட்டில் உள்ள மெனு பட்டனை அழுத்தவும். டயலைச் சுழற்றி "மோட்" என்ற வரிக்குச் சென்று டயலையே உள்பக்கமாக அழுத்தவும். ஸ்டீரியோ, 4 சேனல், எம்டிஆர் என்ற பிரிவுகள் காட்டப்படும். ஸ்டாமினா என்று இன்னொரு மோட் இருக்கிறது. அது இந்தப் பட்டியலில் இருக்காது. அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

1. ஸ்டீரியோ மோட்

எளிமையானது. இரண்டு சேனல்கள், ஒரு பைல். எக்ஸ்ஒய் மைக்கைப் பயன்படுத்தலாம், அல்லது வெளி மைக் இரண்டைப் பயன்படுத்தலாம். முன்பக்கத்தில் உள்ள 1, 2, மைக் என்ற பட்டன்களில் எதை அழுத்துகிறீர்களோ அது தேர்ந்தெடுக்கப்படும். ஒருவர் பாட, ஒரு தம்புரா சுருதி ஒலிக்கிறது என்றால் இதுவே போதும். மேடைப் பேச்சு, பாட்டி சொல்லும் கதை, மழைச் சத்தம் எல்லாவற்றுக்கும் இதுதான்.

இந்த மோடில் கிடைக்கும் ஒரு நல்ல வசதி "ப்ரீ ரெக்". இதை இயக்கி வைத்தால் நீங்கள் பதிவு பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 2 விநாடி வரையிலான ஒலியும் சேர்ந்து கிடைத்திடும். ரெக்கார்டர் தயார் நிலையில் இருக்கும்போதே ஒலியைத் தற்காலிக நினைவகத்தில் சுற்றிச் சுற்றிச் சேமித்து வருவதால் இது முடிகிறது. குழந்தை எப்போது பாட ஆரம்பிக்கும் என்று தெரியாமல் காத்திருக்கும்போது பயன்படுத்திப் பாருங்கள்.

2. நான்கு சேனல் மோட்

எக்ஸ்ஒய் மைக்குகள் இரண்டும், வெளி மைக்குகள் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். ஒரு பதிவுக்கு இரண்டு ஸ்டீரியோ பைல்கள் உருவாகும். பைல் பெயரின் கடைசியில் எம் என்ற எழுத்து இருந்தால் அது எக்ஸ்ஒய் மைக்கின் பைல். ஐ என்று இருந்தால் அது வெளி மைக்குகளின் பைல். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிவதால், கம்ப்யூட்டரில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் பொருந்தி நிற்கும்.

குழுவாகப் பாடுவது, வாசிப்பது ஆகியவற்றுக்கு இந்த மோடைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணம் இரண்டு. ஒன்று, குரலும் வாத்தியமும் தனியாகக் கிடைக்கின்றன. இரண்டு, ஒரு மைக் ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும். எக்ஸ்ஒய் மைக்கின் ஒலி அளவையும் வெளி மைக்குகளின் ஒலி அளவையும் தனித்தனியே அமைக்கலாம் என்பதை மறந்துவிட வேண்டாம். இந்த மோடில் வேவ் பார்மட் மட்டுமே கிடைக்கும். எம்பி3 கிடைக்காது.

3. எம்டிஆர் மோட்

மல்ட்டி ட்ராக் ரெக்கார்டர் என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்து இதில்தான் நான்கு மைக்கும் ஒன்றாகப் பதிவாகும் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் ஒரே நேரத்தில் 2 ட்ராக் மட்டுமே பதிவு செய்ய முடியும். ஆனால் 4 ட்ராக்கை ஒன்றாக ஒலிக்க வைக்கலாம். அதாவது முதலில் சுருதியை ஒரு ட்ராக்கில் பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டுக் கொண்டே அடுத்த ட்ராக்கில் பாடி, இரண்டையும் கேட்டுக் கொண்டே மூன்றாவது ட்ராக்கில் புல்லாங்குழல் வாசிக்கலாம். ஒரே ஆள் ஒரு குழுவாக மாறலாம். இதன் தரம் 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட் என்பதில் நிலையாக இருக்கும்.

இந்த மோடுக்குள் இன்னொரு தேர்வு இருக்கிறது. மிகவும் கவனம் தேவைப்படுவது இதுதான். "ஓவர் ரைட்" என்று வைத்தால், அதே ட்ராக்கில் மீண்டும் பதிவு செய்யும்போது பழைய ஒலியின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பழையது திரும்ப வராது. "ஆல்வேஸ் நியூ" என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் புதிய பைல் உருவாகும். பழைய பைல் கார்டிலேயே இருக்கும். பிறகு எந்த முயற்சி நன்றாக இருக்கிறதோ அதை ட்ராக்கில் பொருத்திக் கொள்ளலாம். இடம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அவ்வளவுதான். புதிதாகப் பழகுபவர்கள் "ஆல்வேஸ் நியூ" என்பதையே வைத்திடவும்.

ஒரு வரி மட்டும் பிசகிவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் முழுப் பாடலையும் மறுபடி பாட வேண்டியதில்லை. "பஞ்ச் இன் - பஞ்ச் அவுட்" என்ற வசதி மூலம் தொடக்கமும் முடிவும் குறித்துக் கொடுத்தால், அந்தப் பகுதியில் மட்டும் பதிவு நடக்கும். எல்லா ட்ராக்கும் நிறைவாக இருந்தால் "பவுன்ஸ்" செய்து ஒரே பைலாகச் சேர்த்துக் கொள்ளலாம்.

4. ஸ்டாமினா மோட்

பெயருக்கேற்றபடி, பேட்டரியை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும் மோட் இது. இதற்கான ஸ்விட்ச் பேட்டரி அறைக்குள் உள்ளது. ரெக்கார்டரை அணைத்துவிட்டு இதை நகர்த்திப் பிறகு இயக்க வேண்டும். சாதாரண நிலையில் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளில் ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும் ரெக்கார்டர், ஸ்டாமினாவில் ஏறத்தாழ 11 மணி நேரம் ஓடும். விலை என்ன என்றால் வசதிகள் குறையும். ஸ்டீரியோ பதிவு மட்டும்தான். 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட்டுக்கு மேல் தரம் கிடைக்காது. நீண்ட கருத்தரங்குகள், மின்வசதி இல்லாத இடங்கள் ஆகியவற்றுக்கு இது பொருத்தம்.

பலரும் குழம்பும் ஒரு விஷயம். யாராவது இந்த ஸ்விட்சை ஸ்டாமினாவில் விட்டுவிட்டால், மெனுவில் நீங்கள் தேடும் பல வசதிகள் காணாமல் போயிருக்கும். ரெக்கார்டர் பழுதாகிவிட்டது என்று கடைக்கு ஓடும் முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்.

44.1, 48, 96: இந்த எண்கள் என்ன?

மெனுவில் "ரெக் பார்மட்" என்ற பிரிவுக்குச் சென்றால் 44.1/16, 48/24 என்று எண்கள் வரிசையாக இருக்கும். முதல் எண், ஒரு விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளந்து குறிக்கப்படுகிறது என்பது. மனிதக் காது அதிகபட்சமாக 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஒலியைச் சரியாகத் திரும்பப் பெற அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடிக்கு 44.1 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்தார்கள். வீடியோ உலகில் 48 வழக்கம். நீங்கள் பதிவு செய்வது பின்னர் வீடியோவுடன் சேரப் போகிறது என்றால் 48 என்று வைத்திடவும்.

இரண்டாவது எண், ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்படுகிறது என்பது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்று கணக்கு. 16 பிட் என்றால் 96 டெசிபல், 24 பிட் என்றால் 144 டெசிபல். இது ஏட்டுக் கணக்கு. மைக்கிலும் மின்சுற்றிலும் உள்ள இரைச்சலால் முழுவதும் கிடைக்காது. ஆனாலும் 24 பிட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்தே பதிவு செய்யலாம். பின்னர் கம்ப்யூட்டரில் உயர்த்தும்போது இரைச்சல் கூடாது. திரும்ப எடுக்க முடியாத பதிவு என்றால் 24 பிட்டை விட்டுவிடாதீர்கள்.

இடம் எவ்வளவு ஆகும்? 44.1/16 ஸ்டீரியோ வேவ் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 எம்.பி. 48/24 என்றால் 17.3 எம்.பி. நான்கு சேனல் மோடில் அதுவே இரட்டித்து 34.6 எம்.பி. ஆகிவிடும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 1 எம்.பி. கூட ஆகாது. எச்4என் ஏற்கும் மிகப் பெரிய கார்டு 32 ஜி.பி. எஸ்டிஎச்சி. அதில் 48/24 தரத்தில் நான்கு சேனல் பதிவு 15 மணி நேரம் கொள்ளும். எனவே இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எம்பி3 சுருக்கத்தில் போன ஒலி போனதுதான். வேவ் பைலில் இருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்து கொள்ளலாம். எம்பி3-ஐ வேவ் ஆக மாற்றினால் பைல்தான் பெருக்கும். தரம் பெருகாது.

ஒரு பைல் 2 ஜி.பி. அளவைத் தாண்டும்போது ரெக்கார்டர் தானாகவே அடுத்த பைலைத் தொடங்கி விடும். 48/24 ஸ்டீரியோவில் இது ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும். பதிவு நின்றுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

ஓர் இரவு, ஒரே வாய்ப்பு

இவையெல்லாம் நடைமுறையில் எப்படி உதவுகின்றன என்பதற்கு ஓர் அனுபவம். என் தாத்தாவின் தம்பி நெல்லைப் பக்கம் வில்லுப்பாட்டுக் கலைஞர். நாங்கள் சின்னத் தாத்தா என்று அழைப்போம். தொண்டையில் வந்த பிரச்சினையால், இனி இரவெல்லாம் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்ட ஒரு கோவில் கொடை மட்டும் பாக்கி. அவர் பாடும் கதை எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. உறவினர்களின் போன்களில் துண்டு துண்டாகப் பழைய பதிவுகள் இருந்தன. கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குடமும் உடுக்கையும்தான் பெரிதாகக் கேட்கின்றன. பாட்டின் சொற்கள் பாதி புரியவில்லை. ஒலியைப் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் இப்போது உள்ளன. அவற்றில் போட்டும் பார்த்தேன். குரலோடு குடத்தின் அடியும் ஒட்டிக் கொண்டேதான் வந்தது.

ஆகவே இந்தக் கொடைக்கு நான்கு சேனல் மோட், 48/24 என்று முடிவு செய்தேன். சின்னத் தாத்தா ரெக்கார்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏய் பேரா, இந்தப் பெட்டிக்குள்ள குடத்தடி முழுசா விழுமாடே?"

"விழும் தாத்தா. குடம் தனியா, உங்க குரல் தனியா விழும்."

"அப்பம் சரி. குரலு போனாலும் கதை நிக்கணும்."

வில்லின் நடுவில் உட்காரும் அவருக்கு முன் ஒரு மைக். பின்பாட்டுக்காரருக்கும் உடுக்கைக்கும் நடுவே இரண்டாவது மைக். இரண்டும் டைனமிக் வகை. ரெக்கார்டரை அதன் எக்ஸ்ஒய் மைக்குகள் 120 டிகிரி கோணத்தில் இருக்கும்படி, மேடைக்கு முன்னால் 3 மீட்டர் தள்ளி ஒரு ஸ்டாண்டில் வைத்தேன். மைக் செட்காரர் தன் மிக்ஸரில் இருந்தே வயர் தருவதாக அன்போடு சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். மிக்ஸரில் இருந்து வரும் சிக்னல் மைக்கின் சிக்னலைவிடப் பல மடங்கு வலுவானது. சிறிய ரெக்கார்டரின் இன்புட் அதைத் தாங்காமல் ஒலி பிளந்து போக வாய்ப்பு உண்டு. அதோடு, மிக்ஸரில் ஏற்கெனவே எல்லாம் கலந்துவிட்டிருக்கும். தனித்தனியாக எடுக்க வேண்டும் என்ற நம் நோக்கமே அடிபட்டுப் போகும்.

தொடங்கும் முன் ஒலி அளவு பார்க்க அவரைக் கொஞ்சம் பாடச் சொன்னேன். காப்புப் பாடலை மெதுவாகத் தொடங்கினார். அதை வைத்து அளவு வைக்கக் கூடாது. கதையில் சாமி வரும் கட்டத்தை, நிஜமாக எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடச் சொன்னேன். குடம் அடிப்பவரையும் ஓங்கி அடிக்கச் சொன்னேன். அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி ரெக் லெவல் பட்டனால் அமைத்தேன். எக்ஸ்ஒய் மைக்கை அதைவிடவும் குறைவாக வைத்தேன்.

இரவு 10 மணிக்குத் தொடங்கிய கதை அதிகாலை 4 மணி வரை போயிற்று. கதை இடைவேளை விடும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, பேட்டரியைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றி, மறுபடி தொடங்கினேன். பதிவு ஓடிக் கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அந்த பைல் முழுமையாக எழுதப்படாமல் போகும் ஆபத்து உண்டு. சிறு சிறு பைல்களாக எடுத்தால் இழப்பும் சிறிதாக இருக்கும். மொத்தம் 12 ஜி.பி. வந்தது.

இரவு 2 மணி வாக்கில் சின்னத் தாத்தா ஆவேசமாக மைக்கை நோக்கிக் குனிந்து பாடிய ஓர் இடத்தில் முதல் மைக்கின் மீட்டர் 0 டெசிபலைத் தொட்டுவிட்டது. டிஜிட்டலில் 0-க்கு மேல் இடம் கிடையாது. அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்று கேட்கும். சோதனையில் எவ்வளவு பாடினாலும், கூட்டத்தைப் பார்த்ததும் பாடுவது வேறு மாதிரிதான். ஆனால் அதே விநாடிகள் எக்ஸ்ஒய் பைலில் தெளிவாக இருந்தன. கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் மட்டும் எக்ஸ்ஒய் ஒலியை உயர்த்தி வைத்துக் கொண்டேன். ஸ்டீரியோ மோடில் எடுத்திருந்தால் அந்தக் கட்டம் போயிருக்கும். இன்னொரு முறை பாடுங்கள் என்று அவரிடம் கேட்க இயலாது.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்தால் இரண்டு தேர்வுகள் கிடைக்கும். "ஸ்டோரேஜ்" என்று தேர்ந்தெடுத்தால் ரெக்கார்டர் ஒரு பென் டிரைவ் போலத் தெரியும். பைல்களைக் காப்பி செய்திடலாம். "ஆடியோ ஐஎப்" என்று தேர்ந்தெடுத்தால் ரெக்கார்டர் உங்கள் கம்ப்யூட்டரின் வெளி சவுண்ட் கார்டாக மாறிவிடும். வெளி மைக்கை அதில் செருகி நேரடியாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள சிறிய மைக் சாக்கெட்டைவிட ஒலி தெளிவாக இருக்கும்.

எடிட் செய்ய இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவரும் தொடங்கிய திட்டம் இது. 2000-ல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பைல் மெனுவில் இம்போர்ட், ஆடியோ என்று சென்று, எம், ஐ என முடியும் இரண்டு பைல்களையும் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவும். இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக ட்ராக்குகளாக வந்து நிற்கும். "மியூட்" பட்டன் ஒரு ட்ராக்கை மட்டும் மௌனமாக்கும். "சோலோ" பட்டன் ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்க வைக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். 3 மீட்டர் தள்ளி இருந்த எக்ஸ்ஒய் மைக்கில், வாய்க்கு அருகே இருந்த மைக்கைவிட 9 மில்லி விநாடி தாமதமாகக் குரல் பதிவாகி இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் குரல் கொஞ்சம் குழாய்க்குள் கேட்பது போல இருக்கும். அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, எக்ஸ்ஒய் ட்ராக்கை அந்த அளவு இடப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

ஆடாசிட்டியிலும் பதிவுக்கு இருவகை உண்டு. ஆர் விசையை அழுத்தினால் இருக்கும் ட்ராக்கின் முடிவில் இருந்து பதிவு தொடரும். ஷிப்ட் விசையுடன் ஆர் அழுத்தினால் புதிய ட்ராக் உருவாகி அதில் பதிவாகும். சுருதியைக் கேட்டுக் கொண்டே பாடிப் பதிவு செய்ய இரண்டாவதுதான் வேண்டும். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் பழைய ஒலியும் மைக்கில் புகுந்துவிடும்.

சின்னத் தாத்தாவின் பேரன் இப்போது இப்படித்தான் பழகுகிறான். தாத்தாவின் குரல் ட்ராக்கின் ஒலியைக் குறைத்துவிட்டு, குடம் உடுக்கையோடு தானே பாடிப் புதிய ட்ராக்கில் பதிவு செய்கிறான். பிறகு தாத்தாவின் ட்ராக்கை உயர்த்தி, எந்த இடத்தில் தாளம் பிசகியது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறான். மைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் மற்ற ட்ராக்குகளில் தாத்தாவின் குரல் லேசாகக் கேட்கத்தான் செய்யும். அது அவனுக்குத் துணையாக இருக்கிறது என்கிறான்.

பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

1. கார்டைக் கம்ப்யூட்டரில் அல்லாமல் ரெக்கார்டரிலேயே பார்மட் செய்திடவும். செய்யும் முன் பழைய பைல்களைக் காப்பி எடுத்துவிட்டீர்களா என்று இருமுறை பார்க்கவும்.

2. தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று பார்க்கவும். பல பைல்கள் சேர்ந்த பிறகு எது எந்த நாளில் எடுத்தது என்று அறிய இதுவே வழி.

3. ரீசார்ஜ் செய்யும் பேட்டரி என்றால் சிஸ்டம் மெனுவில் பேட்டரி வகையை நிக்கல் வகைக்கு மாற்றவும். மாற்றாவிட்டால் மீதி எவ்வளவு என்று காட்டும் படம் தவறாக இருக்கும்.

4. கன்டென்சர் மைக் என்றால் பேன்டம் மின்சாரத்தை இயக்கவும். டைனமிக் மைக் என்றால் அணைத்து வைக்கவும்.

5. சிவப்பு பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது தயார் நிலை. விளக்கு சிமிட்டும். பதிவு தொடங்கி இருக்காது. இன்னொரு முறை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து, திரையில் நேரம் ஓடத் தொடங்கும். விளக்கை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். ஓடும் எண்களைப் பாருங்கள்.

6. 30 விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுப் பிறகு உண்மையான பதிவைத் தொடங்கவும்.

7. பாடுபவரின் சம்மதம் கேளுங்கள். நமது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்தும் கலைஞருக்கும் உரிமை உண்டு என்கிறது. குடும்பத்துக்குள் கேட்க மட்டுமா, இணையத்தில் ஏற்றலாமா என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

எந்த மோட் என்று ஒரு வரியில் சொல்வதானால் இப்படி வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் பேசினால், பாடினால் ஸ்டீரியோ. பலர் ஒரே நேரத்தில் பாடி வாசித்தால் நான்கு சேனல். ஒருவரே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எம்டிஆர். மின்சாரம் இல்லாத இடத்தில் நீண்ட நேரம் என்றால் ஸ்டாமினா.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும், தூங்கப் போகும் முன்பே, கார்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என இரண்டு இடத்தில் காப்பி செய்து, இரண்டையும் திறந்து கேட்டுப் பாருங்கள். அதன் பிறகே கார்டை அழிக்கலாம். முடிந்தால் மூன்றாவது காப்பியைப் பென் டிரைவில் போட்டுப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் வயதான பாடகர் யாராவது இருந்தால், அடுத்த பண்டிகை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.